லைனம்மா சொன்ன ‘ம்’

மின்சார அலுவலகத்தின் புகார் அறையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு அப்பாவும் அம்மாவும் ஆசை ஆசையாய் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. கம்பம் ஏறுகிற லைன்மேன்கள் ஆளாளுக்கு லைனம்மா, லைனம்மா என்று கூப்பிட்டு, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் குளியலறைக்குள்ளிருந்து அவள் கணவரே வாய் தவறி, “லைனம்மா, துண்டு எங்க?” என்று கேட்டுவிட்டார். கோபித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

அறை ஒன்றும் பெரிதில்லை. ஜன்னலோரம் ஒரு நீள மேஜை, மேஜைமேல் வரிசையாகத் தொலைபேசிகள், கம்பத்தில் இருக்கிற ஆட்களோடு பேச ஒரு வயர்லெஸ் பெட்டி, சுவரை அடைத்துக்கொண்டு ஊரின் மின்பாதைகள் அத்தனையையும் காட்டும் படம். படத்தின் மேல்மூலையில் எப்போதோ தெறித்த டீக்கறை இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதை ஏரி என்று நினைத்துக்கொள்வார்கள். லைனம்மாவும் திருத்த மாட்டாள். தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அவர்களுக்குத் தானே தெரியவரும் என்று விட்டுவிடுவாள்.

கரண்ட் போனதும் மனிதர்களுக்குப் பேச்சும் கூடவே போய்விடும் என்பது அவளுடைய அனுபவம்.

“கரண்ட் இல்லைங்க.”

“எந்தத் தெருங்க?”

“எங்க தெரு.”

அவர் தெருவில் இருட்டு. ஆகவே உலகத்துக்கே அது எந்தத் தெரு என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் நினைப்பு. லைனம்மா கடிந்துகொள்ள மாட்டாள். யார் பேசுகிறார், எங்கிருந்து பேசுகிறார், என்ன நடந்தது, இவள் சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா, இதெல்லாம் தெரியாமல் போனை வைக்கவும் மாட்டாள். கடைசியில், “நான் சொன்னதை ஒருதரம் திருப்பிச் சொல்லுங்க” என்பாள். அங்கேதான் வேடிக்கை. அறுந்து கிடக்கிற கம்பியின் பக்கம் போகவே கூடாது என்று இவள் படித்துப் படித்துச் சொல்லியிருப்பாள். “கம்பிகிட்ட போய்ப் பாக்கச் சொன்னீங்க” என்று திரும்பி வரும். அந்த மனிதரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருக்கும், நாய் குரைத்துக்கொண்டிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் ‘என்னவாம், என்னவாம்’ என்று தோளில் இடித்துக்கொண்டிருப்பார். இதற்கெல்லாம் நடுவே ஒரு வார்த்தை ஒரு காதுக்குள் முழுசாகப் போய் விழுவதே பெரிய காரியம். லைனம்மா மூச்சை இழுத்துவிட்டு முதலிலிருந்து சொல்வாள்.

இன்னொரு வகை ஆட்களும் உண்டு. “ஒண்ணும் அவசரமில்லம்மா, மெதுவா வரட்டும்” என்பார்கள். வார்த்தை அப்படி இருக்கும். குரல் வேறு மாதிரி இருக்கும். அந்தக் குரலைக் கேட்டால் லைனம்மா போனை வைக்காமல் இன்னொரு கேள்வி கேட்பாள். விசாரித்தால் பெரும்பாலும் அந்த வீட்டில் உடம்புக்கு முடியாதவர் ஒருவர் படுத்திருப்பார். லைன்மேனை முதலில் அங்கேதான் அனுப்புவாள்.

இந்த அறையின் சுவரில், வேறெந்த அலுவலகத்திலும் காணக்கிடைக்காத ஒரு பலகை தொங்குகிறது. ‘இங்கே ம் கிடையாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, மற்ற எழுத்தெல்லாம் கையிருப்பு இருக்கிறதா என்று கேட்டார். அவருக்கு விஷயத்தைச் சொன்ன பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது.

லைனம்மாவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் இளகிய காது. ஒருநாள் போனில் ஒரு பெரியவர் தன் வீட்டு மீட்டரின் வரலாற்றை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருக்க, இவர் ‘ம்… ம்…’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதே நேரம் கம்பத்து உச்சியிலிருந்து ஒரு லைன்மேன் வயர்லெஸ்ஸில், லைனை நிறுத்தியாச்சா, கை வைக்கலாமா என்று கேட்டார். மீட்டர் பெரியவருக்குச் சொன்ன அடுத்த ‘ம்’, வயர்லெஸ் பொத்தானில் தெரியாமல் விரல் பட்டதால் கம்பத்துக்கும் போய்விட்டது. லைன்மேன் கையை வைத்தார். ஆயுசு கெட்டி. கரண்ட் தூக்கி எறிந்த வேகத்தில், கீழே யாரோ வீடு கட்டக் கொட்டிவைத்திருந்த மணலில் விழுந்தார். உள்ளங்கையில் ஒரு தழும்பும் ‘மணல் அண்ணன்’ என்ற பெயரும் அவருக்கு மிஞ்சின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல் வேலையாக அந்தப் பலகையை எழுதி மாட்டினவர் அவர்தான்.

யோசித்துப் பார்த்தால் நம் ‘ம்’ லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆமாம் என்பதற்கும் அதுதான், சரி என்பதற்கும் அதுதான். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு, அப்படியா சேதி, எனக்கென்ன வந்தது, போதும் நிறுத்து, எல்லாவற்றுக்கும் அதுவே. வாயைத் திறக்கக்கூட வேண்டாம். திண்ணமாக ஒன்றும் சொல்லாமலே பதில் சொன்ன பெயர் வாங்கிவிடலாம். சமையலறையில் அது சுகம். கம்பத்து உச்சியில் அதை நம்பினால் மணல்தான், மணல் இருந்தால்.

லைனம்மா அந்தப் பலகைக்குக் கட்டுப்பட்டவள். எந்த லைன், எந்த இடம், நிறுத்தியாச்சா இல்லையா என்று முழு வாக்கியமாகச் சொல்வாள். கம்பத்தில் இருப்பவரும் அதையே முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கை நீளும். பகல் முழுக்க இப்படி எழுவாய், பயனிலை தவறாமல் பேசிவிட்டு வீட்டுக்கு வருகிறவளுக்கு வீட்டில் வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும். அலுவலகத்தில் பூட்டிவைத்த ‘ம்’மெல்லாம் வீட்டு வாசலில்தான் அவிழும். சாப்பிட்டியா? ம். வெளியில மழையா? ம். கால் வலிக்குதா? ம்ம். அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பகலெல்லாம் பிள்ளைகளின் கூச்சலை முதுகில் சுமக்கிறவருக்கு இப்படி ஒரு மனைவி அமைந்தது யோகம். இருவரும் சண்டை போட்டால்கூட அடுத்த வீட்டுக்குத் தெரியாது.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் லைனம்மாவின் அப்பா. வாசகசாலையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருடைய வேலையே மற்றவர்களைப் பேசவிடாமல் பார்த்துக்கொள்வது என்பதால், பேசும் பழக்கம் அவருக்கும் விட்டுப்போயிருந்தது. ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காலையில் செய்தித்தாளை வரி விடாமல் படித்து, மகளுக்கென்று ஒரே ஒரு செய்தியை எடுத்து வைப்பார். அவள் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, சமையலறை ஸ்டூலில் டீயோடு உட்கார்ந்ததும், எதிர் நாற்காலியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வாசிப்பார்.

“எங்கயோ ஒரு ஆடு லிஃப்ட்ல ஏறி ஏழாவது மாடிக்குப் போயிடுச்சாம்.”

“ம்.”

“இறங்க மாட்டேன்னு அடம் பிடிச்சுதாம்.”

“ம்ம்.”

அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் டீ ஆறியிருக்கும், வெளியே வெளிச்சமும் குறைந்திருக்கும். அப்பா செய்தித்தாளை நாலாக மடித்து வைப்பார். ஊரில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சந்தோஷம், லைனம்மாவுக்கு இதுதான். ஆனால் அதை அவள் அப்பாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, அப்பா செய்தி வாசிக்கிறார். இதிலெல்லாம் சொல்ல என்ன இருக்கிறது?

அக்காவோ நேர் எதிர். பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும் ஊரில் தனியாக இருந்தாள். அத்தான் தவறிப்போய்விட்டார், மகன் கடல் தாண்டி வேலைக்குப் போய்விட்டான். அக்காவிடமிருந்து போன் வந்தால் லைனம்மா அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு சமையலை ஆரம்பித்துவிடுவாள். காய் நறுக்கி, தாளித்து, அடுப்பைத் துடைத்து முடிக்கும்போது அக்காவின் பேச்சும் ஏறக்குறைய முடிந்திருக்கும். நடுநடுவே, அக்கா மூச்சு வாங்கும் இடத்தில், இவளுடைய ‘ம்’ தவறாமல் போய் விழும். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த இடைவெளி எங்கே வரும் என்று கேட்காமலே தெரியும்.

வினை அங்கேதான் முளைத்தது. ஒரு மாலை அக்கா போனில், பின் ரூம் சும்மா பூட்டிக்கிடக்கிறது, வாடகைக்கு விடலாமா என்று பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது லைனம்மாவின் காதில் விழுந்தது. பிறகு மிக்ஸியைப் போட்டாள். மிக்ஸி அலறிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா, வாடகைக்கு விடுவானேன், பேசாமல் அப்பாவை நான் இங்கே கூட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொள்கிறேன், உன் வீட்டில் எத்தனை வருஷம் இருந்துவிட்டார், இனிமேல் என்னோடு இருக்கட்டும் என்றாள். மிக்ஸி நின்றது.

“என்னடி சொல்றே?” என்றாள் அக்கா.

“ம்” என்றாள் லைனம்மா.

எந்த அறையில் அந்த எழுத்துக்குத் தடை போட்டிருந்ததோ, அந்த அறையிலேயே குடியிருக்கிற மாதிரி வேலை பார்த்தவள், வீட்டில் அதை வாரி இறைத்துவிட்டாள். அக்காவுக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். தங்கை இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சூட்டோடு சூடாக அப்பாவின் போனுக்குக் கூப்பிட்டாள். சின்னவளிடம் கேட்டேன், சரி என்று சொல்லிவிட்டாள், உங்களுக்கும் சம்மதம்தானே என்றாள்.

அப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அடுத்த அறையில் சின்னவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. சரி என்று சொல்லிவிட்டாளா? தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலா? அவருக்குத் தொண்டை அடைத்தது. அடைத்த தொண்டையிலிருந்து வரக்கூடியது ஒன்றுதானே. “ம்” என்றார். அந்தப் பக்கம் அக்கா அதையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அன்றிரவு அப்பா தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். பாவம், சின்னவள் எவ்வளவு களைத்து வருகிறாள். நம்மிடம் பேசக்கூட அவளுக்குத் தெம்பில்லை. நாம் ஆடு, லிஃப்ட் என்று கதை வாசித்து அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். அவள் ‘ம்’ சொன்னதெல்லாம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டதாகத்தான் இருக்க வேண்டும். இப்படி யோசிக்க யோசிக்க, பழைய ‘ம்’ ஒவ்வொன்றும் அவருக்குப் புது அர்த்தம் கொடுத்தது. மறுநாள் மாலை அவர் செய்தி எதுவும் வாசிக்கவில்லை. செய்தித்தாளை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

லைனம்மா கவனிக்காமல் இல்லை. ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டாளா? அதுதான் கிடையாது. அப்பாவுக்குக் கண் மங்குகிறது போலிருக்கிறது என்று தானே முடிவுகட்டி, வேலையிலிருந்து வரும் வழியில், கழுத்தை வளைத்துக்கொள்ளக்கூடிய நல்ல மேஜை விளக்கு ஒன்று வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தாள். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போகிற இடத்துக்கு வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று வாங்கிக் கொடுக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. “எதுக்கும்மா இதெல்லாம்?” என்று கேட்டார். “இருக்கட்டும்பா” என்றாள். இருவரும் அவரவர் புரிந்துகொண்டதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு அவரவர் அறைக்குப் போனார்கள்.

இதற்குள் அக்காவின் போன்கள் தொடர்ந்தன. கட்டில் வாங்கிப் போட்டாச்சு, அவர் உயரத்துக்குப் பத்தும் என்றாள். ம். அவருக்கு வெந்நீர் வேண்டியிருக்கும், ஹீட்டர் மாட்டச் சொல்லிவிட்டேன் என்றாள். ம். ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டேன், அவருக்குப் பச்சைதானே பிடிக்கும் என்றாள். லைனம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வாடகைக்கு வரப்போகிறவருக்கு இத்தனை உபசாரமா? இராத்திரி சாப்பாட்டின்போது கணவரிடம், “எங்க அக்கா மாதிரி ஒரு வீட்டுக்காரம்மா கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்” என்று பெருமையாகச் சொன்னாள். கணவர் அதை மாமாவைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொண்டார். அவரிடம் அப்பா ஏற்கெனவே விஷயத்தைச் சொல்லியிருந்தார். மாமா கிளம்புவதை மனைவி இப்படிக் கேலியாகப் பேசித் தேற்றிக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, அவரும் அந்தப் பேச்சைக் கிளறவில்லை. சனிக்கிழமை மட்டும், “நாளைக்கு உங்க அக்கா வர்றாங்களாமே” என்றார். அவள் பாதித் தூக்கத்தில் இருந்தாள். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காலை ஷிஃப்ட். மதியம் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றுகொண்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே அப்பாவின் பழுப்புப் பெட்டி. அதன் பக்கத்தில் ஒரு துணிப்பை. பையிலிருந்து அவள் வாங்கிக் கொடுத்த விளக்கு கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு படியில் நின்றார். முடி வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா கைப்பையோடு வாசலில் இருந்தாள். கணவர் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பையை எப்படித் திணிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா கிளம்பிட்டீங்க?” என்றாள் லைனம்மா.

 அப்பா அக்காவைப் பார்த்தார், அக்கா தங்கையைப் பார்த்தாள், கணவர் பையைப் பார்த்தார். பிறகு அக்கா, என்னடி ஒன்றும் தெரியாத மாதிரி கேட்கிறாய், நீதானே அனுப்புகிறேன் என்றாய் என்றாள்.

லைனம்மாவுக்குப் பகீரென்றது.  ஆனால் எல்லா போனும் ஒன்றாக அடிக்கும்போது என்ன செய்வாளோ, அது தன்னால் வந்தது. கைப்பையைத் திண்டில் வைத்தாள். அலுவலகக் குரல் வந்துவிட்டது.

“ஒவ்வொருத்தரா சொல்லுங்க. அக்கா, நீ என்கிட்ட என்ன கேட்டே? அப்படியே சொல்லு.”

அக்கா சொன்னாள். பின் ரூம், வாடகை, அப்பா, எல்லாம் வரிசையாக.

“நான் என்ன சொன்னேன்?”

“ம்னு சொன்னே.”

“வேற?”

“வேற என்ன சொல்லணும்? ம்னு சொன்னா சரின்னுதானே?”

லைனம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். “நீங்க என்னப்பா சொன்னீங்க?”

அப்பா அசடு வழிந்தார். “நானும் அதையேதான்மா சொன்னேன்.”

கணவர் பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். அது தொற்றிக்கொண்டது. அக்கா சிரித்தாள், அப்பாவும் சத்தமில்லாமல் சிரித்தார். மணல் அண்ணனுக்கு இது தெரிந்தால் இந்த வீட்டுக்கும் ஒரு பலகை எழுதிக்கொண்டு வந்துவிடுவார் என்றார் கணவர். கார் டிரைவர் மட்டும் ஒன்றும் புரியாமல் பேந்தப் பேந்த விழித்தார்.

லைனம்மா சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் கார் போயிருக்கும் என்பது அவளுக்கு உறைத்துவிட்டது. கார் போயிருந்தால், மகள் தன்னை அனுப்பிவிட்டாள் என்ற நினைப்போடேயே அப்பா மிச்ச நாளைக் கழித்திருப்பார். கேட்கக்கூட மாட்டார். அந்த நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் சொல்லாத வாக்கியத்தைத் தெருவில், டிரைவர் முன்னால், சொன்னாள்.

“எனக்கு நீங்க போறதுல கொஞ்சமும் இஷ்டமில்லப்பா. சாயங்காலம் வந்து உங்க எதிர்ல உக்கார்றதுக்காகத்தான் நான் வேகமா வீட்டுக்கு வர்றேன். போகாதீங்க.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை. அவர் கண்தான் நிறைந்திருந்தது. “எனக்கு இது தெரியாமப் போச்சேம்மா” என்றார்.

அக்கா கைப்பையை மூடினாள். “அதுக்கென்ன, பெட்டியை இறக்கிடுங்க. நான் அப்பாவுக்கு வசதியா இருக்குமேன்னுதான் பாத்தேன். எனக்கொண்ணுமில்ல” என்றாள்.

கணவர் பெட்டியில் கைவைத்தார். லைனம்மாவுக்கு அந்தக் கடைசி வார்த்தை காதில் உறுத்தியது. அவசரமில்லம்மா, மெதுவா வரட்டும் என்கிறவர்களின் குரல் அது. புகார் அறையில் முகம் தெரியாத ஆளுக்கெல்லாம் இந்தக் குரலைக் கேட்டு இன்னொரு கேள்வி கேட்டவள், சொந்த அக்காவிடம் கேட்டதேயில்லை. தோளில் போனைச் செருகிக்கொண்டு எப்படிக் கேட்பது?

“அக்கா, இரு. அப்பாவுக்காகவா கூப்பிட்டே?”

அக்கா முதலில் ஆமாம் என்றாள். பிறகு இல்லை என்றாள். பிறகு வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்காகத்தான்டி. உங்க அத்தான் போனதுக்கப்புறம் வீட்ல பேச்சே இல்ல. நான் பேசறேன், பேசிட்டேதான் இருக்கேன். ம்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. உனக்கு போன் பண்றது எதுக்குன்னு நெனச்சே? நீ கேக்கறியோ இல்லையோ, நடுவுல நடுவுல ம்னு சொல்றே பாரு, அதுக்குத்தான்.”

 எத்தனை ‘ம்’ லைனம்மா மிக்ஸிக்கும் தாளிப்புக்கும் நடுவில், காதைக் கொடுக்காமல், சில்லறை மாதிரி போட்டிருக்கிறாள்! அதையெல்லாம் அங்கே ஒருத்தி பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. அதற்குள் அக்காவே அவள் தலையில் லேசாகத் தட்டி, “விடு, அழுது தொலைக்காதே” என்றாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு மகள்களையும் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போய், மாப்பிள்ளை பாதி இழுத்திருந்த பெட்டியைப் பழையபடி காருக்குள் தள்ளினார்.

“இருக்கட்டும் மாப்ளே. நான் போறேன்.”

“இப்பத்தானே மாமா அவ போகாதீங்கன்னு சொன்னா?”

“ஆமா, சொன்னா. அதனாலதான் போறேன்.”

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. அப்பா சின்னவளிடம் வந்தார். இவ்வளவு நீளமாக அவர் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

“நீ என்னை அனுப்பறேன்னு நெனச்சுப் பெட்டி கட்டினப்ப, ஒரு சட்டையை மடிக்க முடியலம்மா. கை ஓடல. நீ அனுப்பலேன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே நான் எங்க இருந்தா என்ன? பெரியவளோட கொஞ்ச நாள் இருக்கணும்னு எனக்கே ஆசையா இருக்கு. யாருக்காகவும் சொல்லல, என் ஆசையைத்தான் சொல்றேன். போயிட்டு, உன்னைப் பாக்கணும்னு தோணறப்ப வர்றேன். சம்மதமா? வாயைத் திறந்து சொல்லு.”

லைனம்மாவுக்குத் தெரிந்தது, இந்தத் தடவை யாரும் யாரையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை என்று. அவள் வேண்டாம் என்று சொன்னால் அவர் இருந்துவிடுவார். சொல்லலாம் என்றும் இருந்தது. நாளை மாலை சமையலறையில் அந்த எதிர் நாற்காலி காலியாக இருக்கும்.  ஆனாலும், அவர் பெட்டியைத் தள்ளிய கையில் ஒரு வேகம் இருந்ததே, அதை அவள் பார்த்துவிட்டாள். அப்பா சந்தோஷமாகக் கிளம்புகிறார். அக்கா சுவரை விட்டுவிட்டு நிமிர்ந்து நிற்கிறாள்.

“சம்மதம்பா. போயிட்டு வாங்க” என்றாள்.

காரில் ஏறினதும் அக்கா முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்று பின்னால் அப்பாவின் பக்கத்திலேயே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். டிரைவர் வண்டியை எடுப்பதற்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டாள். அப்பா காதை அவள் பக்கம் வாகாகத் திருப்பி வைத்துக்கொண்டார். லைனம்மா குனிந்து, காருக்கு வெளியே மாட்டிக்கொண்டிருந்த அவருடைய வேட்டி நுனியை உள்ளே எடுத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.